இரண்டு காசு ஸ்டாம்பு



இந்தப் பக்கத்தில் மாதாமாதம் மிஷனரிகள், எழுப்புதல் பிரசங்கிமார், ஜெப வீரர்கள் இவர்களுடைய வாழ்க்கைச் சரிதத்தை வாசித்து வருகிறீர்கள். இந்த மாதம் நான் எழுதப் போவது ஒரு தபாலாபீஸ் குமாஸ்தாவைப் பற்றி. அவர் மேடை ஏறிப் பிரசங்கம் பண்ணினவர் அல்ல. கடல் கடந்து ஊழியத்துக்குப் போனவரும் அல்ல. கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற மேஜைக்கு முன்னால் நின்று சம்பளம் வாங்கினவர். ஆனாலும் அவர் மனதில் உதித்த ஒரு சின்ன யோசனையினாலே நோயாளிப் பிள்ளைகளுக்கு வீடுகள் எழும்பின. அந்த யோசனை தேசம் தேசமாகப் பரவி, கடைசியில் நம்முடைய பள்ளிக்கூடத்து வகுப்பறை வரைக்கும் வந்தது. அவர் பேர் ஐனார் ஹோல்போல். தேசம் டென்மார்க். ஸ்டாம்பு சேகரிக்கிறவர்கள் நடுவில் உலகமெங்கும் தெரிந்த பேர்.

டென்மார்க்குக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1706ம் வருஷம் தரங்கம்பாடியில் வந்து இறங்கின சீகன்பால்க் ஐயரை அனுப்பி வைத்தது டென்மார்க் ராஜா. பிற்காலத்தில் டேனிஷ் மிஷன்காரர்கள் நம்முடைய பக்கத்திலேயே ஊழியம் செய்தார்கள். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டால் ஆட்டோக்காரர் வழி கேட்காமல் கொண்டுபோய் விடுவார். திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த தேசத்து ஜனங்கள் கொடுத்த சில்லறைக் காசு நம்ம ஊருக்கு எத்தனையோ விதத்தில் வந்திருக்கிறது. அவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளுக்காக எப்படிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

ஹோல்போல் பிறந்தது 1865ம் வருஷம் டிசம்பர் 24ந்தேதி. கிறிஸ்மஸுக்கு முந்தின நாள். கிறிஸ்மஸ் அன்று பிறந்தநாள் வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு பரிசு கிடைக்காது, ஒன்றுதான் கிடைக்கும் என்று நம்ம வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இவரோ வளர்ந்த பிறகு, கிறிஸ்மஸையே மற்ற பிள்ளைகளுக்குப் பரிசாக மாற்றி விட்டார்.

வாலிப வயதிலே தபால் இலாகாவில் சேர்ந்து, கோபன்ஹேகன் பட்டணத்தில் வேலை பார்த்தார். பின்னாளில் போஸ்ட்மாஸ்டராகவும் ஆனார். ஆனால் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான பகுதி நடக்கும்போது அவர் சாதாரண குமாஸ்தாதான். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பெரிய பதவி வந்தால் செய்வேன், கையில் நாலு காசு சேர்ந்தால் செய்வேன் என்று தள்ளிப் போடுகிறவர்கள் நம்மில் உண்டு. அவர் வேலை செய்துகொண்டிருந்த மேஜையிலிருந்தே ஆரம்பித்தார்.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். க்ஷயரோகம், நாம் டி.பி. என்கிறோமே, அது ஐரோப்பாவில் வீடு வீடாகப் புகுந்து வாரிக்கொண்டு போன காலம். 1882ல் ராபர்ட் கோக் என்கிற ஜெர்மன் டாக்டர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து விட்டார். ஆனால் கிருமி தெரிந்ததே தவிர, அதைக் கொல்ல மருந்து தெரியவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வருவதற்கு இன்னும் நாற்பது வருஷம் இருந்தது. வெளிச்சமில்லாத, காற்றில்லாத ஒரே அறையில் பத்துப் பேர் படுத்துத் தூங்குகிற ஏழை வீடுகளில் தகப்பனுக்கு வந்தால் தாய்க்கு, தாய்க்கு வந்தால் பிள்ளைக்கு. பிள்ளைக்கு இருந்த ஒரே வைத்தியம் நல்ல சாப்பாடு, நல்ல காற்று, வெயில், ஓய்வு. இந்த நாலும் ஏழைக்குக் கிடைக்காது. பணக்காரர் மலைப்பக்கம் போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை இருமிக்கொண்டே அந்த அறையில் கிடந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகப் பணம் சேர்க்க என்ன வழி? அதுவரைக்கும் உலகத்துக்குத் தெரிந்த வழி, பெரிய மனிதர்களைப் போய்ப் பார்ப்பது. அவர்கள் விருந்து வைப்பார்கள், நன்கொடைப் பட்டியல் படிப்பார்கள், பத்திரிகையில் பேர் போடுவார்கள். லண்டனில் அனாதைப் பிள்ளைகளுக்காக உழைத்த டாக்டர் பர்னார்டோ 1891ல் ஒரு வாலிபர் சங்கம் ஏற்படுத்தி, வசதியான வீட்டுப் பிள்ளைகள் சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, இல்லாத பிள்ளைகளுக்காகக் காசு சேர்க்கும்படி செய்தார். அது நல்ல காரியம். ஆனால் அதிலும் கொடுக்கிறவர்கள் வசதியான வீட்டார், வாங்குகிறவர்கள் ஏழைகள் என்கிற கோடு அப்படியே இருந்தது.

இப்போது 1903ம் வருஷம் டிசம்பர் மாதத்துக்கு வருவோம். கோபன்ஹேகன் தபாலாபீசில் கிறிஸ்மஸ் வாழ்த்துகள் மலைபோலக் குவிகின்றன. ஹோல்போல் நின்று பிரித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த இடத்தை நான் சாட்சியாக எழுத முடியும். நானும் நம்ம ஊர் தபாலாபீசில் அதே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன்தான். இன்றைய வாலிபருக்கு இது தெரியாது. போனில் வாழ்த்து அனுப்புகிற வழக்கம் வருவதற்கு முன்னால், ஜனவரி முதல் வாரத்திலிருந்து பொங்கல் வாழ்த்து வந்து விழும் பாருங்கள், ஆள் உயரத்துக்கு மூட்டை அடுக்கி இருக்கும். கரும்பும் பானையும் போட்ட அட்டை, சினிமா நடிகர் படம் போட்ட அட்டை, மாட்டு வண்டி போட்ட அட்டை. சின்னப் பிள்ளைகள் கோணல் மாணலாக அட்ரஸ் எழுதியிருக்கும். ஊர் பேர் பார்த்து, பின்கோடு பார்த்து, அந்தந்தக் கட்டத்தில் போடப் போட, கை தானாக ஓடும். கை ஓடும்போது மனது சும்மா இருக்காது. இத்தனை லட்சம் பேர் ஒரே வாரத்தில் ஒரே காரியத்துக்காகக் காசு செலவழிக்கிறார்களே என்று எனக்கே எத்தனையோ முறை தோன்றியதுண்டு. தோன்றியது, மூட்டை கட்டினவுடன் மறந்தும் போய்விடும்.

ஹோல்போலுக்கு மறக்கவில்லை. அவர் போட்ட கணக்கு ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு வாழ்த்துக் கவரிலும், தபால்தலை போக, இன்னொரு சின்ன ஸ்டாம்பு ஒட்டினால் என்ன? அதை யாரும் கட்டாயமாக வாங்க வேண்டாம். விலை மட்டும் மிகவும் குறைவாக இருக்க வேண்டும். வருகிற பணம் முழுவதும் வியாதிப்பட்ட பிள்ளைகளுக்கு.

இதில் இருக்கிற ஞானத்தைக் கவனியுங்கள். புதிதாகக் கடை திறக்க வேண்டியதில்லை, தேசம் முழுக்கத் தபாலாபீஸ் இருக்கிறது. வீடு வீடாக ஆள் அனுப்ப வேண்டியதில்லை, தபால்தலை வாங்க ஜனங்கள் தாங்களே கவுண்டருக்கு வருகிறார்கள். மனதை உருக்கிப் பேச வேண்டியதில்லை, கிறிஸ்மஸ் சமயத்தில் மனது ஏற்கெனவே இளகித்தான் இருக்கிறது. ஒட்டி அனுப்பினவுடன் அந்தக் கடிதமே போகிற வீட்டில் விளம்பரம் ஆகிவிடும். வாங்கினவர் அடுத்த கடையில் கேட்டு வாங்குவார். இந்த ஸ்டாம்புக்குத் தபால் மதிப்பு கிடையாது. இதை மட்டும் ஒட்டி அனுப்பினால் கடிதம் வாங்குகிறவர் தலையில்தான் கட்டணம் விழும். நம்ம ஊரிலும் டி.பி. ஸ்டாம்பை மட்டும் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, தபால்காரர் இரட்டிப்புக் காசு கேட்கிறார் என்று சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஹோல்போல் தன் யோசனையை மேலதிகாரிகளிடம் கொண்டுபோனார். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். விஷயம் ராஜா வரைக்கும் போயிற்று. அப்போது ஆண்டவர் ஒன்பதாம் கிறிஸ்டியன். வயது எண்பதைத் தாண்டிய கிழவர். அவருடைய ராணி லூயிஸ் 1898லேயே காலமாகி விட்டிருந்தார். ராஜா சந்தோஷமாகச் சம்மதித்தார். முதல் ஸ்டாம்பில் ராணி லூயிஸின் படம் அச்சடிக்கப்பட்டது. அரண்மனையில் இருந்த ஒரு தாயின் முகம், குடிசையில் இருந்த பிள்ளைகளுக்காக ஒவ்வொரு கவரிலும் பிரயாணம் பண்ணியது.

1904ம் வருஷம் டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. விலை என்ன தெரியுமா? அந்த நாட்டில் 100 காசு சேர்ந்தால் ஒரு குரோனர். ஸ்டாம்பு ஒன்றுக்கு 2 காசு. இரண்டே காசு!

வேதம் வாசிக்கிற நமக்கு இரண்டு காசு என்றவுடன் யார் ஞாபகம் வரும்? காணிக்கைப் பெட்டிக்கு எதிரே ஆண்டவர் உட்கார்ந்திருக்க, ஐசுவரியவான்கள் போட்டுப் போன பிறகு வந்து போட்ட அந்த ஏழை விதவைதான். ஹோல்போல் அதை நினைத்து விலை வைத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விலை செய்த வேலை அதுவேதான். கப்பல் கம்பெனி முதலாளியும் 2 காசு ஸ்டாம்புதான் ஒட்டினார். வீட்டு வேலைக்காரப் பெண்ணும் அதே 2 காசு ஸ்டாம்புதான் ஒட்டினாள். கவரைப் பார்த்தால் இன்னார் அதிகம் கொடுத்தார், இன்னார் குறைவாகக் கொடுத்தார் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதல் கிறிஸ்மஸுக்கே 40 லட்சத்துக்கு மேல் விற்றுப் போயிற்று. அன்றைக்கு டென்மார்க் ஜனத்தொகையே சுமார் 25 லட்சம்தான்! கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரையும் எண்ணினாலும் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. இரண்டு இரண்டு காசாகச் சேர்த்தால் 80,000 குரோனர். ஒரு பெரிய பிரபு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கக் கூடிய தொகைதான் அது. ஆனால் அப்படிக் கொடுத்திருந்தால் அது அவருடைய ஆஸ்பத்திரியாக இருந்திருக்கும். இதுவோ தேசத்துக்கே சொந்தமானது.

அந்தப் பணத்தில் க்ஷயரோகப் பிள்ளைகளுக்கு ஒரு சானடோரியம் கட்டுவதென்று தீர்மானம் ஆனது. கோல்டிங் என்கிற ஊருக்குப் பக்கத்தில், கடல் உள்ளே புகுந்து வருகிற ஓர் இடத்தில், மரங்கள் சூழ, நல்ல காற்றோட்டமாக இடம் பார்த்தார்கள். கட்டி முடித்துத் திறக்க 1911ம் வருஷம் ஆயிற்று. முதல் ஸ்டாம்பு விற்று ஏழு வருஷம்! ஏழு கிறிஸ்மஸ் அந்த ஜனங்கள் சளைக்காமல் ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். நாம் ஒரு கட்டிட நிதி ஆரம்பித்தால் மூன்றாம் மாதமே ஆர்வம் தணிந்து போகிறதே, இவர்களுக்கு எப்படி ஓடியது? ஒரே தடவையாகப் பெரிய பாரத்தை அவர்கள் தலையில் வைக்கவில்லை. அதனால் அடுத்த வருஷமும் கொடுக்க அவர்களிடம் காசும் இருந்தது, மனதும் இருந்தது.

கோல்டிங்கோடு நிற்கவில்லை. பலவீனமான பிள்ளைகள், நோய் வரக்கூடிய நிலையில் இருக்கிற பிள்ளைகள் வந்து தங்கி, சாப்பிட்டு, விளையாடி, உடம்பு தேறிப் போகிறதற்காகக் கிறிஸ்மஸ் ஸ்டாம்பு வீடுகள் என்ற பேரிலேயே வேறு வேறு ஊர்களில் இல்லங்கள் எழும்பின. கல்லில் யார் பேரும் வெட்டவில்லை. ஸ்டாம்பின் பேர்தான் வீட்டின் பேர்.

நல்ல யோசனைக்குக் கால் முளைக்கும் என்பார்கள். அதே 1904ல் ஸ்வீடனும் ஐஸ்லாந்தும் தங்கள் ஸ்டாம்பை வெளியிட்டன. 1906ல் நார்வே. அமெரிக்காவுக்குப் போன விதம்தான் ஆச்சரியம். ஜேக்கப் ரீஸ் என்கிற பத்திரிகைக்காரர் டென்மார்க்கில் பிறந்து அமெரிக்கா போய்க் குடியேறினவர். நியூயார்க் சேரிகளின் அவலத்தை உலகத்துக்குக் காட்டினவர். அவருடைய சகோதரர்கள் ஆறு பேர் க்ஷயரோகத்தில் இறந்து போனார்கள். ஆறு பேர்! தாய்நாட்டிலிருந்து வந்த கடிதங்களில் இந்தச் சின்ன ஸ்டாம்பைப் பார்த்தார். விசாரித்து, 1907ல் ஒரு கட்டுரை எழுதினார்.

டெலவேர் என்கிற மாகாணத்தில் எமிலி பிஸல் என்ற அம்மாள் அதை வாசித்தார். அங்கே ஆற்றோரத்தில் ஒரு சின்ன சானடோரியம், காசில்லாமல் மூடுகிற நிலைமையில் இருந்தது. தேவை 300 டாலர். அம்மாள் ஸ்டாம்பு அச்சடித்து 1907 டிசம்பரில் வில்மிங்டன் தபாலாபீசில் மேஜை போட்டு உட்கார்ந்தார். விலை ஒரு சென்ட். ஆரம்பத்தில் மந்தமாகத்தான் போயிற்று. பிறகு பிலடெல்பியா பத்திரிகை ஒன்று கையில் எடுத்தது. அந்தப் பத்திரிகை ஆபீஸ் கவுண்டருக்கு, தெருவில் பேப்பர் விற்கிற ஒரு கந்தல் சட்டைப் பையன் வந்து, எட்டிப் பார்த்து, ஒரு சென்ட் வைத்து ஒரு ஸ்டாம்பு கேட்டானாம். அவன் அக்காவுக்கு அந்த வியாதியாம். அமெரிக்காவில் இன்றைக்கும் அந்தப் பையன் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 300 டாலர் தேவைப்பட்ட இடத்தில் 3,000 டாலர் சேர்ந்தது. பத்து மடங்கு!

இன்னொரு கிளையும் உண்டு. ஒன்பதாம் கிறிஸ்டியன் ராஜாவின் மூத்த மகள் அலெக்சாண்ட்ரா, இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்டுக்கு வாழ்க்கைப்பட்டவர். அந்த ராணி இங்கிலாந்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆனதையொட்டி 1912ல் ஒரு ரோஜா தினம் ஏற்படுத்தினார். துணியில் செய்த ரோஜாப் பூவைத் தெருவில் விற்றார்கள். காசு போட்டவர் சட்டையில் குத்திக்கொள்வார். பணம் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிற்று. அந்தப் பூக்களைச் செய்தது யார் தெரியுமா? ஜான் குரூம் என்கிற ஊழியக்காரர் நடத்திய இல்லத்துப் பெண்கள். கைகால் ஊனமுற்றவர்கள். தெருவில் பூ விற்ற ஏழைச் சிறுமிகளுக்காக 1866ல் ஊழியம் ஆரம்பித்து, பின்பு அனாதைப் பெண் பிள்ளைகளுக்கு இல்லமும் நடத்தினவர் குரூம். ஆக, பூவை வாங்கினவர் ஆஸ்பத்திரிக்கும் கொடுத்தார், பூ செய்த கைகளுக்கும் வேலை கொடுத்தார்.

1914ல் யுத்தம் வந்தபோது பூவுக்குப் பதிலாகச் சின்னக் கொடி வந்தது. அந்தக் கொடிதான் 1949 முதல் நம்ம தேசத்தில் டிசம்பர் 7ந்தேதி கொடிநாளாக வருகிறது. டென்மார்க் ஸ்டாம்பின் தங்கச்சியோ 1950ல் நம்ம நாட்டுக்கு வந்தது. அதுதான் டி.பி. ஸ்டாம்பு. இந்தியக் காசநோய்ச் சங்கம் காந்தி ஜெயந்தியன்று ஆரம்பித்து வைக்கிற வழக்கம். அதில் இரண்டு குறுக்குக் கட்டை போட்ட சிலுவை இருக்கும். 1902ல் பெர்லினில் கூடின டாக்டர்கள், க்ஷயரோகத்தை எதிர்க்கிறதற்கு அடையாளமாக அந்தச் சிலுவையை ஏற்றுக்கொண்டார்கள்.

நம்மில் நடுவயது தாண்டினவர்களுக்கு இது ரெண்டும் நல்லா ஞாபகம் இருக்கும். வாத்தியார் மேஜையில் ஸ்டாம்பு ஷீட்டும், குண்டூசியில் கோத்த கொடிக் கட்டும் இருக்கும். காசு கொண்டுவந்தவன் எழுந்து போய் வாங்கிச் சட்டையில் குத்திக்கிட்டு நெஞ்சை நிமிர்த்தி வருவான். கொண்டு வராதவன் தலையைக் குனிந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பான். பேட்ஜுக்கு இந்த ஆபத்து உண்டு. எவ்வளவு கொடுத்தாய் என்பதை மறைக்கும், கொடுக்காதவனைக் காட்டிக் கொடுத்துவிடும். நான் படித்த வகுப்பில் ஒரு வாத்தியார் இருந்தார். கொடிநாள் அன்று தன் கைக்காசில் கட்டோடு வாங்கி, ஒருத்தர் விடாமல் எல்லார் சட்டையிலும் அவரே குத்திவிட்டார். அன்றைக்கு யார் வீட்டில் காசு இருந்தது, யார் வீட்டில் இல்லை என்று எங்களுக்கே தெரியவில்லை. அவர் எந்தச் சபைக்குப் போனவரும் அல்ல. நெற்றி நிறைய விபூதி பூசினவர். ஆனால் ஹோல்போலின் இருதயத்தை நான் முதல்முதல் பார்த்தது அவரிடத்தில்தான்.

டென்மார்க்கின் அன்பு ஸ்டாம்பு மூலமாக மட்டும் நமக்கு வரவில்லை. டேனிஷ் மிஷனைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் பிரிமோட் மெல்லர் என்பவர், மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் 1915ல் திறக்கப்பட்ட ஆரோக்கியவரம் சானடோரியத்தின் முதல் டாக்டராக இருந்து, வருஷக்கணக்கில் பாடுபட்டார். பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய இடம் அது. அன்றைக்கு மதனப்பள்ளி நம்ம சென்னை ராஜதானியில்தான் இருந்தது. நம்ம ஜில்லாக்காரர்களும் இருமிக்கொண்டே ரயிலேறி அங்கே போனதுண்டு.

அதற்கு நாமும் பதில் செய்திருக்கிறோம் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1956ல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றப் பாதிப் பேருக்கு அவரவர் குடிசையிலேயே மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமானது! 1959ல் இந்த முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. வருஷக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்து கிடக்க வேண்டாம், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும் என்று நிரூபித்தது நம்ம சென்னைப் பட்டணத்து ஏழைகளின் உடம்பு.

ஹோல்போல் இதையெல்லாம் பார்க்க உயிரோடு இல்லை. 1927ம் வருஷம் பிப்ரவரி 23ந்தேதி, தமது 61ம் வயதில் காலமானார். மருந்து வரும் முன்னே போய்விட்டார். அந்த வருஷத்துக் கிறிஸ்மஸ் ஸ்டாம்பில் டென்மார்க் ஜனங்கள் அவர் முகத்தையே போட்டார்கள். 1955ல் பெல்ஜியம் தேசம் அவர் படத்தோடு தபால்தலையே வெளியிட்டது. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் ஒட்டின தபால்தலையைப் பார்த்துப் பார்த்து அடுக்கினவர், கடைசியில் தானே ஒரு தபால்தலையில் இடம் பெற்றார்.

கோல்டிங் சானடோரியம் இன்று ஹோட்டலாக இருக்கிறது. அதைப் பற்றி வருத்தப்பட ஒன்றுமில்லை. நோயாளிப் பிள்ளைகள் இல்லாமல் போனதால் காலியான கட்டிடம் அது. ஆனால் கிறிஸ்மஸ் ஸ்டாம்பு நிற்கவில்லை. டென்மார்க்கில் இன்றும் வருஷாவருஷம் விற்கிறார்கள். கிறிஸ்மஸ் ஸ்டாம்பு வீடுகளும் இருக்கின்றன. இப்போது அங்கே வருகிற பிள்ளைகள் வேறு விதம். பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளானவர்கள், சிநேகிதர் இல்லாதவர்கள், உடம்பு பருத்து மனம் சோர்ந்தவர்கள். சுமார் பத்து வாரம் தங்கி, உடம்பும் மனதும் தேறி வீட்டுக்குப் போகிறார்கள். வியாதி மாறிற்று, கதவு மட்டும் திறந்தே இருக்கிறது.

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்தை வாசித்துவிட்டு, நல்ல மனுஷன் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடாதிருங்கள். ஒரு காரியம் என் உள்ளத்தில் பாரமாக இருக்கிறது. நம்ம நாட்டில் ஆராதனை நடக்கிற இடங்களில் தலையைத் தூக்கிப் பார்த்தால் என்ன தெரிகிறது? டியூப்லைட்டில் உபயம் இன்னார். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயம் இன்னார். எழுத்து பெரிசாகிப் பெரிசாகி வெளிச்சமே வெளியே வராத டியூப்லைட்டை நான் பார்த்திருக்கிறேன். கோவிலில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம்ம ஜனங்கள் கூடுகிற இடங்களிலும் உண்டு.

ஒரு சபையில், ஊர் பேர் வேண்டாம், பிள்ளைகள் இல்லத்துக்காக விசேஷ காணிக்கைக் கூட்டம் வைத்தார்கள். கொடுத்தவர் பேரும் தொகையும் மைக்கில் வாசித்தார்கள். பத்தாயிரத்துக்கு அல்லேலூயா பலமாக வந்தது. ஐநூறுக்குச் சுமாராக வந்தது. கிரிவலப் பாதையில் இட்லி விற்றுப் பிழைக்கிற ஒரு விதவைத் தாயார் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எட்டாய் மடித்த ஒரு இருபது ரூபாய் நோட்டை என் கையில் வைத்து, என்னுடைய தொகையோடு சேர்த்துப் போட்டுவிடும்படி மெதுவாகக் கேட்டுக்கொண்டார். தன் பேரையும் இருபது ரூபாயையும் மைக்கில் கேட்க அவருக்குக் கூச்சம். பௌர்ணமி அன்று அவர் கடைக்கு முன்னால் கையேந்துகிற பிள்ளைகளுக்கு விலை கேட்காமல் இட்லி கொடுக்கிறவர் அவர். நான் அறிந்த வரைக்கும், அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளின் பசியைக் கிட்டே இருந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரைத்தான் அந்த மைக் வெட்கப்படுத்தியது. நான் அந்த நோட்டைப் பேர் எழுதாத ஒரு கவரில் தனியே வைத்துப் பெட்டியில் போட்டேன். வாசிக்கும்போது பேரில்லாத கவர் என்று சொல்லி, தொகை சொல்லாமல் தாண்டிப் போனார்கள்.

அதற்குப் பிறகு காணிக்கைக் கூட்டம் என்றால் அந்தத் தாயார் வரவில்லை. பணத்துக்கு நஷ்டம் இருபது ரூபாய்தான். சபைக்கு நஷ்டம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வலது கை, இடது கை போதனை நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் மனப்பாடமாய்ச் சொல்லுகிற நம்மைவிட, அந்தப் போதனைக்கு ஒரு அமைப்பை ஏற்படுத்தி நூறு வருஷத்துக்கு மேல் ஓட விட்டவர் ஒரு தபால் குமாஸ்தா அல்லவா?

பெரிய தொகை கொடுக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. பிள்ளைகளுக்குச் சோறு போட அந்தப் பணமும் வேண்டும். என் வேண்டுதல் சின்னதுதான். பிள்ளைகளுக்கென்று நாம் எதைச் சேர்த்தாலும், சபையிலே மிகவும் இல்லாதவர் வெட்கமில்லாமல் கொடுக்கக் கூடிய அளவை முதலில் யோசிப்போம். ஒரு சின்னச் சீட்டு, ஒரு காகிதப் பூ, ஒரு கொடி, எதுவாகவும் இருக்கட்டும். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நிறம். காசில்லாத பிள்ளையின் சட்டையிலும் ஒன்றைக் குத்திவிடுங்கள். அதற்கான காசை உங்கள் கையிலிருந்து யாருக்கும் தெரியாமல் போட்டுவிடுங்கள். மைக்கை அணைத்து வையுங்கள். பெட்டி மூடியே இருக்கட்டும். வருஷக் கடைசியில் எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எத்தனை பேர் படித்தார்கள் என்கிற கணக்கை மட்டும் சபைக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நம்ம ஊர் மலையைச் சுற்றி மாதாமாதம் லட்சக்கணக்கான கால்கள் நடக்கின்றன. அந்தக் கால்களுக்கு நடுவே கையேந்தி நிற்கிற பிள்ளைகளை நாம் பார்க்காமல் இல்லை. அவர்களுக்காக ஊக்கமாக ஜெபிப்போம். ஜெபித்து எழுந்தபிறகு, அந்த இட்லிக்காரத் தாயார் கூச்சப்படாமல் வந்து முன்வரிசையில் உட்காரும்படியான ஒரு பெட்டியை நம்முடைய சபையில் வைப்போம்.